மோர் இல்லாத பந்தி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்குப் புதுச்சேரி, கனகசெட்டிக்குளத்திலேயே தொடங்கிவிடுகிறது. கடலோரம் மீனவர் குடியிருப்பு, சாலையோரம் மதுக்கடைப் பலகைகள். இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி, காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதற்கப்புறம் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு மறுபடி குறுக்கிடும். அதைத் தாண்டினால்தான் புதுச்சேரி நகரம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி.

இத்தனை ஆயிரம் மாணவர்கள் புழங்குகிற சாலையில் பொழுது சாய்ந்தால் என்ன மணக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோயா சாஸ், வினிகர், கருகுகிற பூண்டு. ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் மாஸ்டர் இரும்புக் கடாயை ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கிப் போடுகிறார். சாதம் எகிறி, அதே இடத்தில் வந்து விழுகிறது. பக்கத்து எண்ணெய்ச் சட்டியில் காலிஃப்ளவர். மைதாவும் கான்ஃபிளவரும் மிளகாய்த்தூளும் கரைத்த மாவில் முக்கி, ஒரு தடவை பொரித்து, வடிகூடையில் குவித்து வைத்திருப்பார். ஆர்டர் வந்ததும் இரண்டாம் தடவை எண்ணெய் கண்டால்தான் மொறுமொறுப்பு. அப்புறம் வெங்காயமும் குடமிளகாயும் வதங்கும் சாஸில் ஒரு புரட்டு, மேலே வெங்காயத்தாள், ‘பிளேட்டா தம்பி, பார்சலா?’ என்று ஒரு கேள்வி. கோபி மஞ்சூரியன் தயார்.

இந்த பிளேட்டில் பால் இல்லை. நெய், தயிர், வெண்ணெய் எதுவும் இல்லை. மாவில் முட்டை உடைத்து ஊற்றாத மாஸ்டராக இருந்தால் முட்டையும் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் என விலங்கிடமிருந்து வரும் எதையும் தொடாத வீகன் ஒருவர், வாழையிலை போட்டு வெள்ளைச் சட்டை சர்வர் பரிமாறும் உயர்தர சைவ ஓட்டலைவிட இந்தத் தள்ளுவண்டியில்தான் சுலபமாக வயிற்றை நிரப்பிக்கொள்ள முடியும். கேட்க விநோதமாக இருந்தாலும் காரணம் எளியது. நம் சைவம் மாட்டை நம்பி நிற்கிறது. சீனச் சமையல் அப்படி நிற்கவில்லை.

சாப்பாட்டு இலையை ஒரு சுற்று பாருங்கள். பருப்புக்கு மேல் நெய். மோர்க்குழம்பு. வெண்டைக்காய்ப் பச்சடியில் தயிர். பால் பாயசம். இலையின் ஓரத்தில் மைசூர்பாகு. கடைசியில் தயிர் சாதமோ மோர் சாதமோ இல்லாமல் எழுந்தால் சாப்பாடு முடிந்ததாக நம் ஊர் ஒத்துக்கொள்ளாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்பவரிடம் ‘சுகரா?’ என்பார்கள், தயிர் வேண்டாம் என்றால் ‘சளி பிடிச்சிருக்கா?’ என்பார்கள். பசுவுக்காக வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது பரிமாறுகிறவர் மனதில் வராத விஷயம். பசுவைக் கும்பிடுகிற வீட்டில்தானே பால் பொங்குகிறது!

அரசாங்கத்தின் கணக்கும் இதேதான். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் உள்ளே பாலோ தேனோ இருக்கலாம். வீகன் உணவுக்கென்று தனி முத்திரையை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 செப்டம்பரில்தான் வெளியிட்டது. அதற்கான விதிமுறைகள் 2022-ல் வந்தன. இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியது 1944 நவம்பரில். அதன் நினைவாக நவம்பர் 1 உலக வீகன் நாள். புதுச்சேரிக்காரர்களுக்கு அது விடுதலை நாள்: 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறிய தேதி. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் வீகன் பேச்சு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆரோவில்லில் இருந்து இயங்கும் மருத்துவர் நந்திதா ஷா 2005-ல் தொடங்கிய ‘ஷரண்’ அமைப்பு, பாலையும் இறைச்சியையும் விட்ட சாப்பாட்டைப் பரப்பி வருகிறது. 2016-ல் அவருக்கு நாரி சக்தி விருது கிடைத்தது.

சீனாவின் பெரும்பான்மையான ஹான் மக்களின் அன்றாடச் சமையலில் பாலுக்கு இடம் மிகக் குறைவு. மேய்ச்சல் சமூகங்கள் வாழ்ந்த வடக்கிலும் மேற்கிலும் பாலும் வெண்ணெயும் உண்டு. நெல்லும் கோதுமையும் விளைந்த சமவெளியில் அந்த வேலையைச் சோயா பார்த்தது. சோயாப் பால், அதைத் திரித்த டோஃபு, காய்ச்சும்போது மேலே படிகிற ஆடையை எடுத்துக் காயவைத்த தாள், நொதித்த சாஸ் எல்லாம் ஒரே அவரையிலிருந்து. ஆகவே சீனச் சமையலில் இறைச்சியையும் முட்டையையும் விலக்கிவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட முழு வீகன். நம் சமையலில் அந்த இரண்டையும் விலக்கினாலும் நெய்க் கிண்ணம் அப்படியே இருக்கும்.

கோபி மஞ்சூரியன் சீனாவே பார்க்காத பண்டம் என்பது வேறு கதை. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர் நெல்சன் வாங், 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சியோடு சோயா சாஸும் கான்ஃபிளவரும் சேர்த்துச் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. கோழிக்குப் பதில் காலிஃப்ளவர் விழுந்த பிறகு அது இந்தியா முழுவதும் ஓடியது. வண்டிக் கடையில் வீகன் ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. நூடுல்ஸ் முட்டை சேர்த்ததா, சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீரா, ‘சிக்கன் 65’ பொரித்த அதே எண்ணெயா, கடாயைக் கழுவினாரா. கொஞ்சம் பெரிய உணவகம் என்றால் சிப்பிச் சாறு ஊற்றிய ஆய்ஸ்டர் சாஸ் இருக்கும். இன்னொரு தொல்லை நிறம். ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயை 2024 பிப்ரவரியில் முதலில் தடுத்தது புதுச்சேரிதான். அடுத்த மாதம் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதையும் தடைசெய்தது. சிவப்பு எவ்வளவு பளபளப்போ அவ்வளவு சந்தேகப்படலாம்.

வாட்டர்லூ தெருவில்

தெரிந்தே, திட்டமிட்டு, தலைமுறை தலைமுறையாகச் சமைக்கப்படும் சீனச் சைவத்தைத் தமிழர்கள் சந்திக்கிற இடம் சிங்கப்பூர். அதிலும் வாட்டர்லூ தெரு. 1870-ல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், 1884-ல் தோன்றிய குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கருணைத் தெய்வமான குவான் இம்மை வணங்கிவிட்டு வருகிற சீன மூதாட்டிகள், அதே கையோடு கிருஷ்ணன் சந்நிதி வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தாமரை மொட்டு விற்கிறவர்கள் இரண்டு வாசலுக்கும் பொது.

குவான் இம் பக்தர்களில் பலர் சைவ விரதக்காரர்கள். கோயிலுக்குப் பக்கத்தில், மிடில் ரோட்டில் இருக்கும் ஃபார்ச்சூன் சென்டர் என்ற பழைய கட்டடத்தில் சைவச் சாப்பாட்டுக் கடைகள் நெருங்கிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். கடையில் மெனு அட்டை தேட வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பதார்த்தங்கள். சோறா, பீஹூன் என்ற அரிசி சேமியாவா என்று சொல்லிவிட்டு, விரல் நீட்டினால் போதும். அக்கா கரண்டியால் அள்ளிச் சோற்றின் மேல் வைப்பார், கணக்கை மனதிலேயே போட்டுவிடுவார். மொழி தெரியாதவருக்கு இதைவிடச் சௌகரியம் வேண்டாம்.

சிக்கல் விரலை நீட்டும்போதுதான் வருகிறது. ஒரு தட்டில் முழு மீன் துண்டம் கிடக்கிறது, கருத்த தோலோடு. இன்னொன்றில் ஓரம் சிவந்த பன்றி வறுவல். அடுத்ததில் குழம்பில் மிதக்கும் ஆட்டுக்கறி. பிறவியிலேயே சைவமான தமிழ்க் குடும்பம் இங்கே ஒரு நிமிடம் தயங்கி நின்றுவிடும். கடைப் பெயர்ப்பலகையை மறுபடி பார்க்கும். சைவக் கடைதான். மீன் என்று தெரிவது, மசித்த டோஃபுவைச் சோயா ஆடையில் சுற்றி, கடற்பாசித் தாளைத் தோலாக ஒட்டிப் பொரித்தது. பன்றி வறுவல் கோதுமைப் புரதம். சிவப்பு, நொதிக்க வைத்த செவ்வரிசி தந்தது. ஆட்டுக்கறி, ஷிட்டேக் காளானின் காம்பு. நார்நாராகப் பிரிந்து, பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, மசாலாவை உள்ளே இழுத்து வைத்திருக்கும். மூன்றிலும் கெட்டிக்காரத்தனம் அதிகம் இந்தக் காம்பில்தான்.

குடும்பத்துக்குள்ளேயே தீர்ப்பு இரண்டாகும். பிறவிச் சைவரான பாட்டி, மீன் வடிவத்தைப் பார்த்ததற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு பச்சைக் கீரையும் டோஃபுவும் போதும் என்பார். புரட்டாசிக்கு மட்டும் சைவமாகிற மருமகனுக்கு அந்த மீன் துண்டம் இரண்டாவது தடவையும் வேண்டும். சீனச் சமையல்காரர் மனதில் வைத்துச் சமைத்தது இந்த மருமகனைத்தான், பாட்டியை அல்ல. இதில் பாட்டிக்குத் தோன்றும் அருவருப்பைச் சங்கடமான பழமைவாதம் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ருசி பழக்கத்தில் பிறப்பது. அதே பாட்டி சேனைக்கிழங்கை மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் வறுத்து, ‘அப்படியே மீன் வறுவல் மாதிரி’ என்று பக்கத்து வீட்டார் பாராட்டியதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார். மீல் மேக்கர் பிரியாணியும் நம் வீடுகளில் நுழைந்து வெகு காலமாகிறது.

அல்வாக் கடை கழித்தது

இந்தச் சீனச் சைவச் சமையலின் வேர் பௌத்த மடாலயத்தில். கி.பி. 502 முதல் 549 வரை தென் சீனாவை ஆண்ட லியாங் அரசர் வூ, தீவிர பௌத்தர். தானும் இறைச்சியை விட்டு, துறவிகளும் இறைச்சி, மது தொடக்கூடாது என்று ஆணையிட்டார். அதுவரை பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணும் மரபும் பௌத்தத்தில் இருந்தது. சீனத் துறவி முழுச் சைவரானது இந்தக் காலத்தில் உறுதிப்பட்டது. காஞ்சிபுரத்திலிருந்து போனதாக நம்மிடம் மரபாகச் சொல்லப்படும் போதிதர்மர், சீனக் கதைகளில் போய்ச் சந்தித்து மனம் ஒட்டாமல் திரும்புகிற அரசர் இவரேதான். சந்திப்பு நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. அரசரின் ஆணையில் அந்தச் சந்தேகம் இல்லை. சோங் மரபின் காலத்தில், அதாவது 960-க்கும் 1279-க்கும் இடையில், தலைநகரில் சைவ உணவகங்களே நடந்தன. இறைச்சியைப் போலச் செய்யும் பதார்த்தங்கள் அப்போதே பட்டியலில் ஏறிவிட்டன.

அந்தப் பட்டியலின் நாயகன் கோதுமைப் புரதம். சீனத்தில் மியன் ஜின். செய்முறை நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தால் தண்ணீர் பாலாக வெளுக்கும். தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைய, மாவுச்சத்து முழுவதும் கரைந்துபோய், கையில் இழுத்தால் நீளுகிற, விட்டால் சுருங்குகிற ஒரு பழுப்பு உருண்டை மிஞ்சும். திருநெல்வேலி அல்வாக்காரர் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிகிறார். அவருக்கு வேண்டியது அந்த வெள்ளைப் பால். நெய்யும் சர்க்கரையும் விட்டுக் கிளறினால் அல்வா. பிழிந்த சக்கையில் தவிட்டோடு போகிற பிசின்தான் சீன மடாலயத்தின் ‘கறி’. ஒரே கோதுமையில் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டார்கள். அல்வா நெய்யால் வீகன் பட்டியலுக்கு வெளியே போய்விட்டது. கழித்த பாதி உள்ளே இருக்கிறது.

சரி, இறைச்சியை விட்டவர் இறைச்சி வடிவத்தை ஏன் விடவில்லை? மடாலயங்களுக்கு நெல்லும் பணமும் தந்த புரவலர்கள் இறைச்சி சாப்பிடுகிறவர்கள். அவர்கள் விருந்துக்கு வந்தால் வெறும் கீரையோடு அனுப்பிவிட முடியாது. இன்னொன்று படையல். முன்னோருக்கும் தெய்வத்துக்கும் பன்றி, கோழி, மீன் மூன்றும் வைப்பது சீன வழக்கம். உயிர்க்கொலை கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அந்த மூன்றையும் மாவிலும் டோஃபுவிலும் உருட்டி வைத்தார்கள். பலி கொடுத்த இடத்தில் நம்மவர்கள் பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் தடவி வைக்கிறார்கள் அல்லவா, அதே நியாயம்தான். தெய்வத்துக்கு வடிவம் போதும். நாக்குக்குத்தான் ருசியும் தேவைப்பட்டது.

ஆனால் சீன விரதக்காரரை நம் சாம்பாருக்குக் கூப்பிட்டால் அவர்தான் தயங்குவார். மகாயான பௌத்த மரபு விலக்குகிற காரமணப் பொருள்கள் ஐந்து. பூண்டும் வெங்காய வகைகளும் அதில் உண்டு என்பது நம் விரத நாள்களுக்கும் பொருந்துகிற ஒன்று. ஐந்தில் ஒன்று பெருங்காயம். வெங்காயம், பூண்டு போடாத நாளில் அந்தக் குறையை நிரப்ப நாம் எதை ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுகிறோமோ, அதுவே அங்கே தள்ளுபடி! ஆக, நெய் இல்லாத சாம்பார் வீகனுக்குச் சரி. வெங்காயம் இல்லாத சாம்பார் அமாவாசைக்குச் சரி. சீனத் துறவிக்கோ இரண்டும் சரிப்படாது.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்திய நாடு தைவான். அங்கே சைவப் பொட்டல உணவு ஐந்து வகையாக முத்திரையிடப்படுகிறது: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, காரமணப் பொருள் சேர்ந்த தாவர உணவு. வீகன் ஒருவர் முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அப்படி மூடிவிடக் கூடாது. தொழிற்சாலையில் செய்த போலி இறைச்சியில் ஒட்டுப் பசைக்காக முட்டை வெள்ளைக்கருவும் பால் புரதமும் சேர்ப்பது உண்டு. கடைக்காரர் ‘சைவம்தான்’ என்று சொல்வது பொய்யாகாது. அவர் அகராதியில் சைவம் அதுதான்.

மலேசியாவில் இந்தச் சமையலைப் பார்க்க உகந்த காலம் சீனர்களின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்கள். ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கான விழா. பினாங்கிலும் கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கிலும் பக்தர்கள் வெள்ளை உடுத்தி, இறைச்சி விட்டு, கோயிலுக்குப் போகிறார்கள். வழக்கமாகப் பன்றிக்கறி விற்கும் கடைகள்கூட மஞ்சள் கொடி கட்டிச் சைவத்துக்கு மாறும். பல ஆண்டுகளில் இது நம் நவராத்திரி நாள்களோடேயே வரும், ஏனென்றால் இரண்டும் அமாவாசையை ஒட்டித் தொடங்குபவை. ஒரு தெருவில் கொலுச் சுண்டல், அடுத்த தெருவில் மஞ்சள் கொடிக்குக் கீழே காளான் ரெண்டாங். அம்பாங் விழாவில் சீனர்கள் தீமிதியும் நடத்துகிறார்கள் என்பதைக் கேட்டால் திரௌபதி அம்மன் கோயில் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் கூடும்.

சைகோன் வழியாக

புதுச்சேரிக்கு இந்தச் சமையல் சீனாவிலிருந்து நேராக வரவில்லை. வந்தது வியட்நாமைச் சுற்றி. 1881-ன் பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் இந்தோசீனாவில் காவலராகவும் வரிவசூல் அலுவலராகவும் எழுத்தராகவும் போனார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள், வேறு சிலர் துணிக்கடை, பால் வியாபாரம். பாலைத் தொடாத நாட்டில் பால் விற்றது தமிழர்கள் என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம். சைகோனில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் ட்ருவோங் டின் தெருவில் நிற்கிறது. இப்போது அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

திரும்பி வந்த குடும்பங்களோடு, வியட்நாமிய மனைவிமார்களோடு, நெம் வந்தது. அரிசித் தாளில் பூரணம் சுருட்டிப் பொரிப்பது. புதுச்சேரியின் பழைய சைகோன் வீடுகளில் பண்டிகைப் பலகாரம் அது. உள்ளே வழக்கமாகப் பன்றிக்கறியோ இறாலோ இருக்கும். ஆனால் வியட்நாமும் மகாயான பௌத்தத்தில் ஊறிய நாடு. பௌர்ணமிக்கும் அமாவாசையை ஒட்டிய மாதப் பிறப்புக்கும் அங்கே லட்சக்கணக்கானவர்கள் ‘சாய்’ என்னும் சைவ உணவுக்கு மாறுகிறார்கள். சைவக் கடைகள் அன்று நிரம்பி வழியும். ‘லவிங் ஹட்’ என்ற பெயரில் 2008 முதல் பல நாடுகளில் பரவிய வீகன் உணவகங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆன்மிக குரு சிங் ஹாய் பிறந்ததும் வியட்நாமில்தான். அவற்றின் பல கிளைகளில் சீன, வியட்நாமிய உணவுகள் ஒரே தட்டில் வருகின்றன.

சைவ நெம் செய்வதற்குப் போலி இறைச்சி எதுவும் வேண்டாம். பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி சேமியாவை வெந்நீரில் ஊறவைத்து நறுக்குகிறார்கள். மரக்காது காளானையும் கேரட்டையும் மெல்லிசாகச் சீவி, டோஃபுவை உதிர்த்துப் பிழிந்து, மிளகும் உப்பும் சேர்த்துப் பிசறுகிறார்கள். அரிசித் தாளைத் தண்ணீரில் ஒரு நொடி முக்கி எடுத்தால் துணிபோலக் குழையும். அதிகம் முக்கினால் கிழியும், எண்ணெயில் வெடிக்கும். தொட்டுக்கொள்ளும் சாறுதான் கவனிக்க வேண்டிய இடம். நுவோக் மாம் என்பது நெத்திலி வகை மீனை உப்பிட்டு மாதக்கணக்கில் நொதிக்க வைத்த தெளிவு. வீகன் தட்டுக்கு அது ஆகாது. சோயா சாஸில் எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் சர்க்கரை கரைத்து, நறுக்கிய மிளகாயை மிதக்கவிட்டு அந்த இடத்தை நிரப்புகிறார்கள். கூடவே ஒரு தட்டு நிறையப் புதினா, கொத்தமல்லி, லெட்யூஸ் இலை; இலையில் நெம்மைச் சுருட்டி, சாற்றில் தோய்த்து, கையால்தான் சாப்பிட வேண்டும்.